தூங்க வைக்கிறதுக்காக நாவல் வாசிக்கிறது: எந்த நாவல், எப்படி வாசிக்கணும்?

பின்னிரவு_வாசகி கேட்டது:

அம்மாவுக்கு கொஞ்ச நாளா ராத்திரி படுத்தா தூக்கமே பிடிக்க மாட்டேங்குது. முன்னாடியெல்லாம் படுக்கையிலயே புஸ்தகம் படிச்சுட்டு அப்படியே தூங்கிருவாங்க, இப்ப கொஞ்ச நேரம் படிச்சாலே கண்ணுல தண்ணி வந்துருது. அதனால நான் பக்கத்துல உக்காந்து பழைய நாவல்களை வாசிச்சுக் காட்டிட்டு இருக்கேன். ரெண்டு பேருக்குமே ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா நிறைய நாள் வர்ற தூக்கமும் போயிருது. கதையில யாராவது சுரங்கப்பாதையில இறங்கிட்டாப் போதும், அம்மா தலையணைய முதுகுக்கு வச்சு நிமிர்ந்து உக்காந்துட்டு "ம், அப்புறம்?"னு கேக்கறாங்க.

தூங்குறதுக்குன்னு வாசிக்க எந்த மாதிரி நாவல் சரியா வரும்? குரலை எப்படி வச்சுக்கணும்? தூங்கிட்டாங்கன்னு நிறுத்தினா உடனே முழிச்சுக்கறாங்க, அதுக்கு என்ன பண்றது? அப்புறம், நான் ஊர்ல இல்லாத நாளைக்கு வேணும்னு ரெக்கார்ட் பண்ணலாம்னு இருக்கேன், நல்லா வந்தா தூக்கம் வராம கஷ்டப்படுற மத்தவங்களுக்கும் ஆகட்டும்னு நெட்ல போடவும் ஆசை. இதெல்லாம் பண்ணிப் பாத்தவங்க சொல்லுங்க.

தாழ்குரல்:

ரொம்ப நல்ல காரியம் பண்றீங்க. நான் அப்பாவுக்கு ரொம்ப காலம் வாசிச்சிருக்கேன், அந்த அனுபவத்துல சொல்றேன்.

முதல்ல அந்த "அப்புறம்?" எங்கேருந்து வருதுன்னு பாருங்க. நாம கிளாசிக்னு சொல்ற நாவல்ல நிறைய பத்திரிகையில தொடரா வந்தது. 'பொன்னியின் செல்வன்' 1950லேருந்து 1954 வரைக்கும் கல்கி பத்திரிகையில வாராவாரம் வந்துச்சு. டிக்கன்ஸ் 1836லயே மாசாமாசம் தனித்தனி பாகமா எழுதினவர். அடுத்த இதழையும் வாசகர் வாங்கணும்னா அத்தியாயம் முடியற இடத்துல ஒரு கொக்கி போட்டே ஆகணும், அதனால கதவு தட்டற சத்தமோ இருட்டுல ஒரு உருவமோ கரெக்டா கடைசிப் பத்தியிலதான் வரும். நாம என்ன பண்றோம், ஒரு அத்தியாயம் முடிச்சுட்டு நிறுத்துவோம்னு வாசிக்கிறோம். அதாவது மனுஷனை நல்லா உசுப்பி விட்டுட்டு லைட்டை அணைக்கிறோம்.

அதனால அத்தியாயத்தோட பாதியில நிறுத்துங்க, மறுநாள் அந்தப் பாதியிலேருந்து தொடங்குங்க. அப்படிப் பண்ணா கொக்கி இருக்கிற இடம் வாசிப்போட தொடக்கத்துலயே, அவங்க நல்லா முழிச்சிருக்கும்போதே வந்து போயிரும், "அப்புறம்?"னு கேட்டா உடனே அடுத்த அத்தியாயத்துல பதிலும் கிடைச்சிரும். அதுக்கப்புறம் வர்றது பெரும்பாலும் புது இடம், புது ஆள், நிதானமான வர்ணனை. கண்ணு சொக்குறது அங்கதான். இந்த ஒண்ணை மட்டும் மாத்திப் பாருங்க, நாவலையே மாத்த வேண்டியிருக்காது.

எந்த நாவல்னு கேட்டா, அவங்களுக்கு ஏற்கனவே கதை தெரிஞ்ச நாவல்னுதான் நான் சொல்வேன். முடிவு தெரிஞ்சிருந்தா காதைத் தீட்டிட்டு இருக்க வேண்டியதில்ல, நடுவுல தூங்கிப் போனாலும் எதையும் விட்டுட்டோம்ங்கற கவலை இருக்காது. புதுசா வேணும்னா கிளைக்கதை நிறைய இருக்கிறதை எடுங்க. 1879ல வந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' இதுக்கு அருமையா வரும், ஒரு கதைக்குள்ள இன்னொரு கதை, நடுவுல ஒரு நீதி, அப்புறம் வேற ஒரு சம்பவம்னு போயிட்டே இருக்கும். எந்த இடத்துல கண்ணு மூடினாலும் நஷ்டமில்ல. மொழிபெயர்ப்புன்னா ஹெர்மன் மெல்வில் எழுதின 'மோபி டிக்', 1851ல வந்தது, திமிங்கிலத்துல எத்தனை வகைன்னு ஒரு அத்தியாயம் முழுக்க தரம் பிரிச்சு எழுதியிருப்பார். எங்கப்பா அந்த அத்தியாயத்தைத் தாண்டினதே இல்ல, மறுபடி மறுபடி அதையே வாசிக்கச் சொல்வார்.

ராக்கோழி:

தாழ்குரல் சொன்ன பாதியில நிறுத்துற விஷயம் சூப்பர். ஆனா தெரிஞ்ச கதைதான் வேணும்ங்கறதுல எனக்கு உடன்பாடு இல்ல. நான் கேக்கற பக்கம் இருக்கிற ஆள், வருஷக்கணக்கா ஒலிப்புத்தகம் போட்டுட்டுதான் தூங்கறேன். ரொம்பப் பழகின கதைன்னா மனசு அதை விட்டுட்டு நேரா நாளைக்கு ஆஃபீஸ்ல என்ன ஆகுமோன்னு போயிருது. எனக்குத் தூக்கம் வராததுக்குக் காரணமே தலைக்குள்ள ஓடற அந்தப் பேச்சுதான். அதை அடக்குறதுக்கு வேற ஒருத்தரோட வாக்கியம் அந்த இடத்துல வந்து உக்காரணும், அதுக்கு லேசா ஒரு பிடிப்பு வேணும். சுவாரஸ்யமே இல்லாததைத் தூக்க மாத்திரை மாதிரி வாசிக்கறது கேக்கறவங்களுக்கு மரியாதையும் இல்ல. அடுத்து என்ன ஆகும்னு இழுக்காம, இந்த இடத்துலயே இருக்கலாம்னு தோணற நாவலா பாருங்க. குடும்ப நாவல், பயணம், பெரிய வீடு, மழை, மெதுவா போற பேச்சு, இதெல்லாம் நல்லா இருக்கும். கொலை, கோர்ட்டு, சாவுப் படுக்கை வர்ற பக்கம் பகல்ல வாசிக்கலாம். பேச்சு நடையில வசனமா கொட்டுற நாவலும் ராத்திரிக்கு ஆகாது, ஒவ்வொரு ஆளுக்கும் குரல் மாத்தி மாத்தி வாசிச்சா கேக்கறவங்க முழிச்சுட்டேதான் இருப்பாங்க.

குரலைப் பத்தி ஒரு வார்த்தை. நடிக்காதீங்க, ஆனா செய்தி வாசிக்கிற மாதிரி தட்டையாவும் வேண்டாம். வாக்கியத்தோட கடைசியில குரல் தன்னால கொஞ்சம் கீழ இறங்கணும், பத்தி முடிஞ்சா ஒரு முழு மூச்சு இழுத்து விட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க. கேக்கறவங்க மூச்சும் கொஞ்ச நேரத்துல அந்த வேகத்துக்கு வந்துருது, பக்கத்துல உக்காந்து வாசிச்சா உங்களுக்கே தெரியும்.

சத்தப்பெட்டி:

ரெக்கார்டிங் பத்தி நான் சொல்றேன், ஒலிப்பதிவு வேலைதான் எனக்கு.

சாதாரண ஒலிப்புத்தகத்துக்கும் தூங்கக் கேக்கற ஒலிக்கும் பெரிய வித்தியாசம், திடீர்னு எதுவும் வரக்கூடாது. 'ப', 'ட' மாதிரி வல்லின எழுத்துல காத்து மைக்ல மோதி டப்புனு ஒரு சத்தம் வரும், பகல்ல காதுலயே விழாது, இருட்டுல தலையணைக்குப் பக்கத்துல கேட்டா தூக்கிப் போடும். மைக்கை வாய்க்கு நேரா வைக்காம ஒரு பக்கமா சாய்ச்சு வச்சு, மைக்கைத் தாண்டிப் பேசற மாதிரி வாசிங்க. 'ஸ', 'ஷ' சீறுறதும் அதுலயே கொஞ்சம் குறையும். புஸ்தகத்தை விட டேப்லெட்ல வச்சு வாசிக்கறது நல்லது, தாள் புரட்டுற சத்தம் இருக்காது. ஃபேன் ஆஃப் பண்ணிட்டு, துணி நிறைய அடுக்கின அலமாரியைத் திறந்து வச்சு அதைப் பாத்து உக்காந்தீங்கன்னா ரூம் எதிரொலி பாதி போயிரும். பின்னணி இரைச்சல் -60 டெசிபலுக்குக் கீழ இருக்கணும்னு ஒலிப்புத்தகம் விக்கிற தளங்கள் கேக்கும், நீங்களும் அதையே கணக்கா வச்சுக்கலாம். அப்புறம் எடிட் பண்ற மென்பொருள்ல கம்ப்ரெஸர்னு ஒரு எஃபெக்ட் இருக்கும், அதைப் போட்டு சத்தமான இடத்தையும் மெதுவான இடத்தையும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குக் கொண்டாந்துருங்க, இல்லன்னா கேக்கறவங்க காதுல விழலைன்னு சத்தத்தைக் கூட்டி வைப்பாங்க, அடுத்த நிமிஷம் அலறும்.

ஆரம்பத்துல மியூசிக் வேண்டாம். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் முன்னாடி தலைப்பு, ஆசிரியர், யார் வாசிச்சதுன்னு அறிவிக்கவும் வேண்டாம். லிப்ரிவாக்ஸ்னு ஒரு இலவச ஒலிப்புத்தகத் தளம், 2005லேருந்து தன்னார்வலர்களே நடத்துறாங்க, நான் ரொம்ப மதிக்கிற வேலை அது, ஆனா அங்க ஒவ்வொரு பகுதியோட தொடக்கத்துலயும் ஒரு அறிவிப்பு வரும், தூங்கறதுக்குக் கேட்டா அது வந்து எழுப்பி விட்டுரும். உங்க பதிவுல விவரத்தையெல்லாம் முதல் கோப்புல ஒரு தடவை சொன்னாப் போதும். ஒரு கோப்பு முக்கால் மணி நேரம் வச்சு, கடைசிப் பத்து நிமிஷம் சத்தம் கொஞ்சம் கொஞ்சமா குறையற மாதிரி பண்ணுங்க. நெட்ல போடறப்போ நடுவுல விளம்பரம் வராத இடமா பாத்துப் போடுங்க, இதை மட்டும் விட்டுக் கொடுக்காதீங்க.

அம்மாவுக்கு இயர்ஃபோன் மாட்டி விடாதீங்க. தலையணைக்குப் பக்கத்துல சின்ன ஸ்பீக்கர், காதைத் தீட்டினாதான் கேக்கும்ங்கற அளவுக்கு சத்தம், அதுவே போதும்.

ஏட்டுச்சுவடி:

நெட்ல போடப் போறீங்கன்னா உரிமை விஷயத்தை முன்னாடியே பாத்துருங்க. இந்தியாவுல எழுத்தாளர் இறந்த வருஷத்துக்கு அடுத்த வருஷத்துலேருந்து 60 வருஷம் காப்புரிமை இருக்கும், ஐரோப்பிய நாடுகள்ல 70. பிரதாப முதலியார் சரித்திரம் எழுதின வேதநாயகம் பிள்ளை 1889ல, பொன்னியின் செல்வன் எழுதின கல்கி 1954ல காலமானவங்க, அதனால இங்க பிரச்சினை இல்ல. கல்கி எழுத்து நாட்டுடைமையும் ஆனதுதான். நிறைய பேர் மாட்டிக்கிறது மொழிபெயர்ப்புலதான். மூல நாவல் 150 வருஷப் பழசா இருந்தாலும், அதைத் தமிழ்ல கொண்டு வந்தவரோட உரிமை தனிக் கணக்கு. மோபி டிக்கை அம்மாவுக்கு வீட்ல வாசிக்கலாம், யாரும் கேக்க மாட்டாங்க, ஆனா மொழிபெயர்ப்பாளர் அனுமதி இல்லாம அதை நெட்ல ஏத்தக்கூடாது. பழைய தமிழ் நூல் தேடறதுக்கு மதுரைத் திட்டம் இருக்கு, 1998லேருந்து மின்னூலா போட்டுட்டு இருக்காங்க.

விடியற்காலம்:

நிறுத்தினா முழிச்சுக்கறாங்கன்னு கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லலையே. தூக்கத்தோட முதல் நிலை ரொம்ப லேசானது, சில நிமிஷம்தான் இருக்கும், அப்ப எழுப்பினா "நான் தூங்கவே இல்ல, கேட்டுட்டுதான் இருந்தேன்"னு நிஜமாவே நம்பிச் சொல்வாங்க. கண்ணு மூடினதும் டக்னு நிறுத்தினீங்கன்னா அந்த அமைதியே அவங்களை எழுப்பிரும். மூச்சு ஒரே சீரா வந்ததுக்கு அப்புறமும், கையோ காலோ ஒரு தடவை லேசா துள்ளி அடங்கினதுக்கு அப்புறமும் இன்னும் ஒரு ரெண்டு பக்கம் வாசிங்க. குரலைத் தணிச்சுட்டே போங்க, வாக்கியத்துக்கு நடுவுல இடைவெளியைக் கூட்டுங்க, கடைசியில அதே இடத்துல கொஞ்சம் உக்காந்திருந்துட்டு அப்புறம் எந்திரிங்க. படுத்து 10லேருந்து 20 நிமிஷத்துல தூக்கம் வர்றது சாதாரணம்தான், அதனால முதல் பக்கத்துலயே தூங்கணும்னு எதிர்பார்த்து அவங்க முகத்தையே பாத்துட்டு இருக்காதீங்க, பாக்கறது அவங்களுக்குத் தெரிஞ்சிரும்.

இன்னொண்ணு, வாரத்துல மூணு ராத்திரி, அப்படியே மூணு மாசத்துக்கு மேல தூக்கமில்லாமப் போகுதுன்னா அதை நாட்பட்ட தூக்கமின்மைன்னு சொல்றாங்க, டாக்டர்ட்ட காட்டணும். மருந்து இல்லாம நடத்தை சார்ந்த சிகிச்சையே இருக்கு, பெரியவங்களுக்கு முதல்ல அதைத்தான் பரிந்துரைக்கிறாங்க. குறட்டைக்கு நடுவுல மூச்சு நின்னு திணறி எழுந்தாங்கன்னா காத்திருக்கவே வேண்டாம். வாசிக்கிறதை அதுக்காக நிறுத்த வேண்டியதில்ல, ரெண்டும் சேர்ந்தே நடக்கட்டும்.

பின்னிரவு_வாசகி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து சுரங்கப்பாதை அத்தியாயத்தோட கடைசிப் பக்கத்துலேருந்து தொடங்கினேன், அம்மா வழக்கம்போல "அப்புறம்?"னாங்க, அடுத்த அத்தியாயத்துல ஆள் வெளிய வந்து தோட்டத்துல நடக்க ஆரம்பிச்சுட்டான், அந்தத் தோட்டத்து வர்ணனை மூணு பக்கம் வரும், அதுலயே மூச்சு சீரா வந்துருச்சு. விடியற்காலம் சொன்ன மாதிரி இன்னும் ரெண்டு பக்கம் வாசிச்சுட்டுதான் நிறுத்தினேன், முழிக்கல. டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டும் வாங்கிட்டேன். ரெக்கார்டிங்கை பிரதாப முதலியார்லேருந்து தொடங்கலாம்னு இருக்கேன். சத்தப்பெட்டி அண்ணா, முதல் கோப்பு ரெடியானதும் இங்க போடறேன், இரைச்சல் எவ்வளவு இருக்குன்னு கேட்டுச் சொல்லுங்க.