வாடைக் காலத்தில் குளியலறைக் குளிர்: வாடகை வீட்டுக்காரர்களின் அனுபவங்கள்

மண்டபத்திலிருந்து:

ராமநாதபுரம் கடற்கரையில் குளிர் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. மார்கழி, தை இரவுகளில்கூட பாம்பன், மண்டபம் பக்கம் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிதுதான். ஆனாலும் வடகடல் ஓரத்தில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு, விடியற்காலையில் குளியலறைக் கதவைத் திறந்ததும் உடம்பு வெடவெடவென்று ஆடுவது தெரியும். என் தாயாருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, மூட்டுவலியும் உண்டு. கார்த்திகை பிறந்தாலே குளிப்பதை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போடத் தொடங்கிவிடுவார்கள். நாள்தோறும் குளித்துப் பழகிய மனுஷி, குளியலுக்கு அஞ்சி ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. அதனால்தான் இதைப் பற்றி விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் குளியலறை, இங்குள்ள பழைய வீடுகள் பலவற்றைப்போல, கொல்லையில் தனியே நிற்கிறது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. வடக்குச் சுவரில் கண்ணாடிப் பட்டைகள் அடுக்கிய சன்னல்; அதில் பாதிப் பட்டைகளைக் காணோம். பிளாஸ்டிக் கதவின் அடியில் மூன்று விரல் நுழையும் சந்து. வாடைக்காற்று சன்னல் வழியாக வந்து, குளிப்பவர் முதுகைத் தடவிவிட்டுக் கதவடியில் வெளியேறுகிறது.

பள்ளியில் அறிவியல் நடத்துகிறவன் என்பதால் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். நம் ஊரில் குளியலறையைக் குளிராக்குவது காற்றின் வெப்பநிலை அல்ல, அதன் ஓட்டமும் உடம்பின் ஈரமும்தான். தோலிலிருந்து ஒரு கிராம் ஈரம் ஆவியாகும்போது எடுத்துச்செல்லும் வெப்பம், ஏறக்குறைய 58 கிராம் நீரை 10 டிகிரி சூடேற்றப் போதுமானது. காற்று ஓடினால் அந்த ஆவியாதல் விரைவாகிறது. வெந்நீரில் குளித்தாலும், சொம்பு நீர் ஊற்றிய மறு நொடியே நடுங்குவது இதனால்தான். ஆகவே, சூடாக்கும் கருவிக்குச் செலவழிப்பதற்கு முன் காற்றை மறிக்க வேண்டும்.

சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்பது வீட்டுக்காரர் போட்ட நிபந்தனை. உச்சிப்புளிப் பக்கம் பனையோலைத் தட்டி ஒன்று முடையச் சொல்லி வாங்கி, சன்னலின் வெளிப்புறத்தில், கம்பிகளோடு நைலான் கயிற்றால் கட்டினேன். மீன்பிடி வலைக்குப் பயன்படுத்தும் கயிறுதான். உப்புக் காற்றில் இற்றுப்போகாது. தட்டியின் அடிப்பகுதியைச் சுவரோடு ஒட்டியும் மேற்பகுதியை நான்கு விரல் விலக்கியும் வைத்தேன். வெளிச்சம் கொஞ்சம் வருகிறது, காற்று முகத்தில் அறைவதில்லை. கூரை இடைவெளியில் வடக்கு, கிழக்குப் பக்கங்களை மட்டும் சாக்குச் சுருள்களால் அடைத்தேன். தெற்குப் பக்கத்தைத் திறந்தே விட்டிருக்கிறேன். அதையும் அடைத்தால் ஈரம் வெளியேறாமல் சுவரெல்லாம் பூசணம் பிடிக்கும்.

கூரைதான் அடுத்த தொல்லை. தெளிந்த வானமுள்ள இரவில் அந்த ஷீட் தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. கடலோரக் காற்றின் ஈரம் அதன் அடியில் துளிகளாகப் படிந்து, விடியற்காலையில் தலையில் சொட்டுகிறது. வெந்நீர் ஊற்றிய தோளில் அந்தப் பனித்துளி விழுந்தால் உயிரே போய்வருகிறது என்பார்கள் அம்மா. சுவருக்குச் சுவர் கயிறு கட்டி அதன்மேல் கோரைப்பாய் விரித்ததும் சொட்டுவது நின்றது. வாரத்துக்கு ஒரு முறை பாயை வெயிலில் உலர்த்தியே ஆக வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை: ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் துளை போடவோ, அதை உடைக்கவோ, தேய்க்கவோ வேண்டாம். அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

காற்று அடங்கிவிட்டது. வெந்நீருக்கு இப்போது அடுப்பிலிருந்து அண்டாவில் தூக்கிவருகிறேன். அதற்கு மற்றவர்கள் என்ன செய்கிறீர்கள்?

தங்கச்சிமடத்திலிருந்து:

ஆசிரியர் அண்ணனுக்கு வணக்கம். என் மகள் தலைப் பிரசவத்துக்கு வந்திருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். குழந்தை பிறந்தது வாடை உச்சத்தில் இருந்த நேரம். பிள்ளை பெற்றவளுக்கு நொச்சி இலையும் வேப்பிலையும் போட்டுக் கொதிக்கவைத்த நீரை ஊற்ற வேண்டும், காற்று படக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். உதவிக்கு வந்திருந்த என் பெரிய நாத்தனார், குளியலறையின் எல்லாச் சந்துகளையும் துணியால் அடைத்து, ஓர் இரும்புச் சட்டியில் கருவேலங்கரியைக் கனலவைத்து உள்ளே கொண்டுபோனார். நம் பக்கம் சீமைக் கருவேலங்கரிக்குப் பஞ்சமா? அறை நன்றாகச் சூடேறட்டும், பிறகு பெண்ணை அழைத்துவருகிறேன் என்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்தார்.

சற்று நேரத்தில் கூப்பிட்டால் பதில் இல்லை. கதவைத் தள்ளித் திறந்தேன். சுவரில் சாய்ந்து கிடந்தார். தலை சுற்றுகிறது, வயிற்றைப் புரட்டுகிறது என்று குழறினார். இழுத்து முற்றத்தில் போட்டோம். ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோய் ஆக்சிஜன் வைத்த பிறகுதான் தெளிந்தார். அது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு என்றார்கள். புகை இல்லை, வாசனை இல்லை, கண்ணில் எரிச்சல்கூட இல்லை. கனல்கிற கரியிலிருந்து அது வந்துகொண்டே இருக்குமாம். அந்த அறைக்குள் என் மகளும் பிறந்து சில நாளே ஆன பேரனும் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு வந்தால் இன்றைக்கும் என் கை நடுங்குகிறது.

கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். கரியோ விறகோ எரிகிற எதையும் மூடிய குளியலறைக்குள் கொண்டுபோகாதீர்கள். சாம்பிராணிச் சட்டிக்கும் இதுவே பொருந்தும்; குழந்தைக்குச் சாம்பிராணி காட்டுவதானால் திறந்த கூடத்தில் காட்டுங்கள். குளியலறைக்குள்ளேயே மாட்டும் கேஸ் கீசரும் அதே ஆபத்துதான்.

அப்புறம் நாங்கள் செய்தது எளிது. கொதிநீரை வாயகன்ற அண்டாவில் ஊற்றி, மூடாமல் குளியலறையில் வைத்துக் கதவைச் சாத்திவிடுவோம். ஆவி அறை முழுவதும் பரவி வெதுவெதுப்பு வந்துவிடும். அண்டாவைக் கால் படாத மூலையில் வைக்க வேண்டும். குளித்து முடித்ததும் அங்கேயே துவட்டி, உலர்ந்த உடை மாற்றிய பிறகுதான் மகளை வெளியே வரவிடுவோம். ஈர உடம்போடு முற்றத்தைக் கடப்பதுதான் வாடைக்காற்றில் மாட்டிக்கொள்வது.

உச்சிப்புளியிலிருந்து:

நான் எலக்ட்ரீஷியன். வாடைக் காலத்தில் என்னை அழைக்கும் வேலைகளில் ஹீட்டர் ராடு பழுதுதான் முன்னால் நிற்கும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் சுவரில் எதையும் மாட்ட முடியாது என்பதால் வாளியில் ராடைப் போட்டுவிடுகிறார்கள். நம் பகுதியில் ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் உவர்ப்பு. உப்பு நீர் ராடின் உலோக உறையை அரித்து ஓட்டை போட்டுவிடும். அதன்பின் வாளி நீரிலேயே மின்சாரம் இறங்கும். உவர்நீர் நல்ல நீரைவிட நன்றாகவே மின்சாரத்தைக் கடத்தும். காவிரி நீர் வருகிற வீடுகளில் வெந்நீருக்கு மட்டுமாவது அதைப் பயன்படுத்துங்கள். ராடின் மேல் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்பும் குறையும்.

இன்னொரு வீட்டில் பார்த்தது. 1500 வாட் ராடை, விளக்குக்குப் போட்ட 6 ஆம்பியர் பிளக்கில் சொருகியிருந்தார்கள். அந்த ராடு ஆறரை ஆம்பியர் இழுக்கும். பிளக் உருகிக் கருகிப்போயிருந்தது. எர்த் ஒயர் பெயருக்கு இருந்தது. கடலோரக் காற்றில் எர்த் குழாய் துருப்பிடித்துத் தொடர்பே அற்றுப்போயிருந்தது. வாடகைக்குக் குடிபோகும்போது தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பதுபோல எர்த் வேலை செய்கிறதா என்றும் ஓர் ஆளை வைத்துச் சோதியுங்கள். மெயின் பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால் கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். உயிரைக் காக்கிற பொருள் அது. இதற்காக வீட்டுக்காரரிடம் தயங்காமல் பேசுங்கள்.

வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டால் சேமிப்புத் தொட்டியுள்ள சின்ன மின் கீசரே நல்லது. அது மின்சாரச் செலவை ஏற்றிவிடும் என்று பயப்படுகிறார்கள். 15 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குச் சூடாக்க மூன்றில் ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல்தான் ஆகும். 2000 வாட் கீசர் என்றால் பத்துப் பன்னிரண்டு நிமிடம். குளிப்பதற்கு முன் போட்டு, குளிக்கும் முன்பே அணைத்துவிட வேண்டும். நாள் முழுக்க எரியவிட்டால்தான் செலவு. 16 ஆம்பியர் பிளக்கும் அதற்கென்று தனி ஒயரும் அவசியம். காலி செய்யும்போது கீசரைக் கழற்றிக்கொண்டு போகலாமா, துளைகளை யார் பூசித்தருவது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அறையைச் சூடாக்கும் ஃபேன் ஹீட்டரை நீட்டிப்பு ஒயர் போட்டுக் குளியலறைக்குள் வைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம்.

கீழக்கரையிலிருந்து:

எங்கள் வாப்பா ஃபஜ்ர் என்ற விடியற்காலைத் தொழுகைக்கு எழுந்து, அதற்கு முன் கை, முகம், கால் கழுவும் உளூவைச் செய்கிறவர். வாடகை வீட்டில் குளியலறைத் தரை வழவழப்பான டைல்ஸ். காலை வைத்ததும் சுரீர் என்று ஏறும் குளிர்தான் அவருக்குப் பெரிய தொந்தரவு. டைல்ஸ் பாதத்தின் சூட்டை வேகமாக இழுத்துக்கொள்ளும். மரம் அப்படி இழுக்காது. ஆகவே தச்சரிடம் சொல்லி, இடையிடையே சந்து விட்ட மரப்பலகை ஒன்று செய்துவந்தேன். அடியில் நான்கு ரப்பர் குமிழ்கள், வழுக்காமல் இருக்க. உட்கார்ந்து உளூச் செய்ய ஒரு முக்காலி. இஷா என்ற இரவுத் தொழுகை முடிந்ததும் தரை நீரை ரப்பர் தள்ளுகட்டையால் வழித்துவிட்டு, உலர்ந்த துணியால் ஒரு தடவை துடைத்துவிடுகிறோம். இரவு முழுக்க ஈரம் கிடந்த தரைக்கும் உலர்ந்த தரைக்கும் விடியற்காலையில் இருக்கும் வேறுபாடு அவ்வளவு பெரிது. நீங்களே ஓர் இரவு செய்து பாருங்கள். உளூவுக்கு வேண்டிய வெந்நீரை இரவே ஃபிளாஸ்கில் ஊற்றி வைத்துவிடுவதால், அந்நேரத்தில் உம்மா எழுந்து அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. காலையில் குழாய் நீரோடு கலந்து, கையில் விட்டுப் பார்த்துத்தான் அவருக்குக் கொடுப்போம்.

தேவிபட்டினத்திலிருந்து:

மாடியில் கறுப்புத் தொட்டி இருந்தால் பிற்பகல் மூன்று மணிக்கு நீர் தானே வெதுவெதுப்பாக இருக்கும். இரவில் அது ஆறிவிடும், விடியலில் ஐஸ்போல இருக்கும். வயதானவர்கள் வேலைக்கோ கோயிலுக்கோ அவசரமாகப் போக வேண்டியதில்லை என்றால் குளியலைப் பிற்பகலுக்கு மாற்றுங்கள். எங்கள் பாட்டி அப்படித்தான் குளிக்கிறார்கள். மழை மூடிய நாளில் மட்டும் அடுப்பு வெந்நீர்.

ராமேசுவரத்திலிருந்து:

நான் வீட்டை வாடகைக்கு விடுகிறவன். வீட்டுக்காரர் தரப்பும் தெரிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன். சுவரில் துளை போடாதே என்று நாங்கள் சொல்வது கல்நெஞ்சத்தால் அல்ல. உப்புக் காற்று நுழைந்து கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்தால் பூச்சு பெயர்ந்துவிடும். கண்ட இடத்தில் ட்ரில் போட்டால் அந்தச் சீரழிவு விரைவாகும். ஆனால் குடியிருப்பவர் இன்ன இடத்தில் காற்று அடிக்கிறது, பெற்றோர் சிரமப்படுகிறார்கள் என்று நேரில் காட்டினால் மறுக்க மனம் வராது.

எங்கள் வீட்டில் குடியிருக்கும் தம்பி என்னை விடியற்காலையில் வரச்சொன்னார். போய்க் குளியலறையில் சற்று நேரம் நின்றேன். கோயிலில் 22 தீர்த்தங்களிலும் நீராடிவிட்டு ஈரத்துணியோடு நிற்பவர்களின் நடுக்கம் எனக்கு அங்கே நினைவுக்கு வந்தது. அந்த வாரமே சன்னலின் விட்டுப்போன கண்ணாடிப் பட்டைகளைப் போட்டுக்கொடுத்தேன். கதவடியில் ரப்பர் பட்டை ஒட்டினோம். கீசருக்கான 16 ஆம்பியர் பிளக்கை என் செலவில் வைத்தேன். கீசரை அவர் வாங்கினார். ஆகவே மண்டபத்து ஆசிரியரே, உங்கள் வீட்டுக்காரரையும் பகலில் அழைக்காதீர்கள். வாடை அடிக்கும் விடியற்காலையில் அழைத்து உள்ளே நிற்கச் சொல்லுங்கள்.

மண்டபத்திலிருந்து:

வரும் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வீட்டுக்காரரை வரச்சொல்லியிருக்கிறேன். அவர் ஒத்துக்கொண்டாலும் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் எர்த் சோதனையை உடனே செய்யப்போகிறேன். உச்சிப்புளி நண்பரே, எங்கள் மெயின் பெட்டி மிகப் பழையது, அதிலேயே ஆர்.சி.சி.பி. பொருத்த இடம் இருக்குமா, தனிப் பெட்டி வேண்டுமா?

உச்சிப்புளியிலிருந்து:

தனியாகச் சின்னப் பெட்டி வைத்து, மீட்டருக்கும் மெயினுக்கும் அடுத்தபடியாகப் பொருத்திவிடலாம். பெட்டியின் படத்தை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அம்மாவுக்கு அண்டா வெந்நீரே போதும், ராடு வாங்க வேண்டாம்.