டிஷ் ஒயரில் செல் சிக்னல் வருமா, வராதா?

களக்காட்டு வாழை:
"செல் ஆன்டெனாவுக்கு டிஷ் ஒயர் போடுவதும் கொடிக்கயிறு கட்டுவதும் ஒன்றுதான்" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதிவிட்டுப் போயிருக்கிறார். எங்கள் வீடு மலையடிவாரம். மாடியில் 20 அடி பைப், அதன் உச்சியில் லாக் பீரியாடிக் ஆன்டெனா (ஒரு திசை பார்க்கும் மீன்முள் வடிவம்), 12 மீட்டர் ஆர்ஜி-6 டிஷ் ஒயர், கீழே 4ஜி ரவுட்டர். மைனஸ் 116 டெசிபலில் கிடந்த சிக்னல் இப்போது மைனஸ் 104; மைனஸ் குறையக் குறைய சிக்னல் கூடுதல். கொடிக்கயிறு 12 டெசிபல் ஏற்றுமா வே?

பழைய ரேடியோ:
எழுதியது நான்தான். சிக்னலுக்குக் காட்டும் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) ரவுட்டருக்கு 50 ஓம், டிஷ் ஒயருக்கு 75 ஓம். சேராது. 1982இல் ரூபவாஹினி தொடங்கியபோது வள்ளியூரில் 40 அடிக் கம்பம் நட்டு, தெருவுக்கே இலங்கைப் படம் காட்டியவன் நான். எனக்குப் பாடம் நடத்த வேண்டாம்.

ஈயப்பற்று:
அண்ணாச்சி, 75ஐ 50இல் மாட்டினால் திரும்பிப் போவது சிக்னலில் நூற்றுக்கு 4 பங்கு. 0.2 டெசிபல்கூட இல்லை. உங்கள் கடையில் தொங்குகிற ஆர்ஜி-58 ஒயர் அசல் 50 ஓம்தான். ஆனால் 1800 மெகாஹெர்ட்ஸில் அதே 12 மீட்டருக்குள் பாதிக்கு மேல் அதுவே தின்றுவிடும்.

பழைய ரேடியோ:
4 பங்கு போகிறது என்று நீரே எழுதிவிட்டீர். 75 ஓம் 75 ஓம்தான்.

அம்பை டவுன்பஸ்:
டவர் எந்த பேண்டில் (அலைவரிசையில்) பேசுகிறது என்று பார்த்தீர்களா? 900 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலைநீளம் பதினாறரை செ.மீ., 2300க்கு ஆறரை. ஆன்டெனா அதற்குத் தோதானதா?

பழைய ரேடியோ:
பேண்ட் கிடக்கட்டும். 75 ஓமுக்குப் பதில் சொல்லும்.

களக்காட்டு வாழை:
ரூபவாஹினிக்கு நீர் இழுத்தது 300 ஓம் பட்டை ஒயர். டிவி 75 ஓம். அது மட்டும் எப்படிச் சேர்ந்தது?

பழைய ரேடியோ:
நடுவில் 300 ஓமை 75க்கு மாற்றும் பாலன் (balun) வைத்தேன். நீர் வைத்தீரா?

சாரல் சீசன்:
எதற்கு இந்தப் பாடு? ஆன்லைனில் பூஸ்டர் வாங்கி மாட்டுங்கள்.

ஈயப்பற்று:
உரிமம் இல்லாமல் பூஸ்டர் வைப்பது குற்றம். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் சிக்னல் கெடும். ரவுட்டரில் ஆன்டெனாவைச் செருகுவது வேறு, சிக்னலைப் பெருக்கி மறுபடி வீசுகிற பூஸ்டர் வேறு.

சாரல் சீசன்:
எல்லாம் ஆன்டெனாதானே!

அம்பை டவுன்பஸ்:
ஆடிக் காற்றுக்குப் பைப் கால்வாசி திரும்பினாலே போதும், எந்த ஒயரும் உதவாது. எங்கள் வீட்டில் காற்றுகூடப் பரவாயில்லை. பாபநாசத்துக் குரங்கு ஒன்று ஆன்டெனாவில் உட்கார்ந்து பேன் பார்க்கிறது.

பழைய ரேடியோ:
குரங்குக்குத் தெரியுமா 75 ஓம்?

களக்காட்டு வாழை:
குரங்கை விடும். போன தைக்கு என் மூங்கில் ஏணியை வாங்கிக்கொண்டு போனீரே, அது எங்கே?

பழைய ரேடியோ:
ஓம் கேட்டால் ஏணியைப் பேசுகிறார். அதில் இரண்டு படி முதலிலேயே உடைந்திருந்தது.

களக்காட்டு வாழை:
ஒரு படி.

பழைய ரேடியோ:
இரண்டு. ஒயர் 75.