வாயனசாலையின் தமிழ் அலமாரிக்கு அச்சுநூல் வாங்குவதா, கிண்டில் வாங்குவதா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறைத் தமிழாசிரியர்

வணக்கம். பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊர் நூலகத்தை மலையாளத்தாரைப் போலவே நாங்களும் வாயனசாலை என்றுதான் சொல்லிப் பழகியிருக்கிறோம். அங்கே மலையாள நூல்கள் சுவர் நிறைய இருக்க, தமிழுக்கென்று இருப்பது ஒரே ஓர் அலமாரி. அதிலும் கீழ்த்தட்டைக் கறையான் தின்றது போக மிஞ்சியவை 200 நூல்கள்கூட இல்லை. இப்போது பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து, தமிழ்ப் பகுதிக்காக மட்டும் செலவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு 30,000 ரூபாய் திரட்டித் தந்திருக்கிறார்கள். கேரள நூலக இயக்கத்தை வளர்த்த பி. என். பணிக்கரின் நினைவாகக் கேரளம் முழுவதும் வாசிப்பு நாள் கொண்டாடப்படும் ஜூன் 19-க்குள் ஏதாவது செய்துவிட வேண்டும் என்பது குழுவின் விருப்பம்.

சிக்கல் என்னவென்றால், குழுவிலுள்ள இளைஞர்கள், அமேசான் நிறுவனத்தின் மின்னூல் படிக்கும் கருவியான கிண்டிலில் இரண்டு வாங்கி வைத்தால் ஆயிரக்கணக்கான நூல்கள் வந்துவிடும் என்கிறார்கள். மூத்தவர்களோ, கையில் எடுத்துப் புரட்ட முடியாத புத்தகம் என்ன புத்தகம் என்று கேட்கிறார்கள். இரு தரப்பையும் என்னால் மறுக்க முடியவில்லை. கண்புரை அறுவைக்குப் பிறகு என் தங்கை மகன் தன் கிண்டிலை இரண்டு மாதம் என்னிடம் விட்டு வைத்திருந்தான். எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு இரவில் வெகுநேரம் படித்தேன். மெய்யாகவே நிம்மதியாக இருந்தது. ஆனால் பழைய உரைநூல் ஒன்றின் படப் பிரதியை அதே கருவியில் திறந்தபோது எழுத்துகள் கடுகு போலச் சிறுத்துக் கிடந்தன. இன்னொரு குறையும் கண்டேன்: அச்சுநூலில் ஒரு செய்தி இடப்பக்கத்தின் அடியில், பாதி நூலுக்குச் சற்று முன்னால் இருந்தது என்று என் கை தேடிப் போய்விடும், கருவியில் படித்தவை எங்கே இருந்தன என்று எனக்குப் பிடிபடவே இல்லை. இது முதுமையின் கோளாறா, கருவியின் இயல்பா? நூலகம் இத்தகைய கருவியை முறையாக இரவல் கொடுக்க முடியுமா? அனுபவமுள்ளோர் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1: தேவிகுளத்து வாசகர்

ஐயா, நான் மூணாறுக்குப் பக்கத்தில் தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். தமிழ்ப் புத்தகக் கடை என்று ஒன்றைப் பார்க்க நாங்கள் மலையிறங்கிப் போடிக்குத்தான் போக வேண்டும். இங்கே எதிரி கறையான் அன்று, பூஞ்சணம். தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் அட்டையெல்லாம் பச்சை பூத்து, வெயில் கண்ட நாளில் புத்தகங்களை வடகம் போல முற்றத்தில் பரப்ப வேண்டியிருக்கும். அந்த அலுப்பில்தான் கருவி வாங்கினேன். எனவே என் பேச்சில் சற்றுச் சார்பு இருக்கும்.

கண்ணுக்கு இதமாக இருந்ததன் காரணம் எழுத்தின் அளவு மட்டும் அன்று. கைப்பேசித் திரை நம் கண்ணை நோக்கி ஒளியை வீசுகிறது. கிண்டிலில் உள்ள மின்மைத் (இ-இங்க்) திரையிலோ நுண்ணிய குமிழ்களுக்குள் கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும் எதிரெதிர் மின்னூட்டத்தோடு மிதக்கின்றன. மின்புலம் மாறுவதற்கேற்ப ஒன்று மேலே வர, மற்றது அடியில் தங்கிவிடும். நாம் பார்ப்பது தாளில் பட்டுத் திரும்பும் ஒளியைப் போன்றதுதான். இரவுக்காக வைத்திருக்கும் சிறு விளக்குகளும் ஓரத்திலிருந்து திரையின் மேல்தான் ஒளியைப் பரப்புகின்றன. பக்கம் மாறும்போது மட்டுமே எழுத்துக்கு மின்சாரம் வேண்டும் என்பதால், மழையில் மூன்று நாள் மின்சாரம் போனாலும் எனக்குக் கவலை இல்லை.

கடுகு எழுத்துக்கு வருகிறேன். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கிடைக்கும் பழைய நூல்கள் பெரும்பாலும் பக்கத்தைப் படம் பிடித்தவை. படத்திலுள்ள எழுத்தை மட்டும் தனியே பெரிதாக்க இயலாது. 21 செ.மீ. அகலமுள்ள ஏ4 பக்கத்தை 9 செ.மீ. அகலமுள்ள 6 அங்குலத் திரைக்குள் அடைத்தால் எழுத்து பாதிக்கும் கீழே சுருங்கத்தானே செய்யும்? அவற்றுக்குப் பெரிய திரையோ கணினியோதான் சரி. 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ‘லை’யையும் ‘னை’யையும் பார்க்கும் இன்பம் அந்தப் படப் பிரதிகளில்தான் கிடைக்கும் என்பது வேறு கதை. மாறாக, தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்கி இணையத்தில் இலவசமாகத் தந்து 1998 பொங்கல் முதல் இயங்கிவரும் மதுரைத் திட்டத்தின் நூல்கள் தட்டெழுதப்பட்டவை. இலவச மின்னூல்கள் தரும் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளமோ, திரைக்கேற்ப எழுத்து மடங்கும் ஈபப் என்ற மின்னூல் வடிவத்தோடு, 6 அங்குலத் திரைக்கென்றே பக்கம் அமைத்த பிடிஎஃப் கோப்பையும் தருகிறது. முதலில் ஈபப் கோப்பைத் தேடுங்கள். விருப்பம் போல் எழுத்தைப் பெரிதாக்கலாம், வரிகள் தாமே ஒழுங்காக மடங்கிக்கொள்ளும்.

மறுமொழி 2: நகரியிலிருந்து

ஆந்திரத்தின் நகரியில் விசைத்தறி வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள். ஆனால் தெலுங்குவழியில் படித்ததால் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்கள். அவர்களுக்குப் பெரிய எழுத்தும் குறைந்த வரிகளும் கொண்ட திரை அச்சம் தருவதில்லை என்பதை என் மகளிடம் கண்டிருக்கிறேன். ஆனால் படமுள்ள சிறுவர் நூல்களைக் கறுப்பு வெள்ளையில் காட்டினால் அவள் தள்ளிவிடுகிறாள். உங்கள் பக்கத்தில் மலையாளவழியில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இதே நிலைதான் இருக்கும் என்று நினைக்கிறேன். வண்ணப் பட நூல்களை அச்சில்தான் வாங்க வேண்டும். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

மறுமொழி 3: செங்கோட்டை நூலகர்

நான் நூலகத்தில் பணியாற்றியவன் என்பதால், இரவல் பற்றிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அச்சுநூலை விலை கொடுத்து வாங்கியவர் அதை யாருக்கும் கொடுக்கலாம், விற்கலாம், இறந்த பின் பேரனுக்கு விட்டுச் செல்லலாம். கிண்டில் கடையில் நாம் பணம் கொடுத்துப் பெறுவதோ, நம் பெயரிலுள்ள கணக்கில் படிப்பதற்கான உரிமம் மட்டுமே. விற்றுவிட்ட இரண்டு நூல்களை 2009 ஜூலையில் அமேசான், உரிமைச் சிக்கலைக் காரணம் காட்டி, வாசகர்களின் கருவிகளிலிருந்தே தொலைவிலிருந்து நீக்கியது. அது பெரும் கண்டனத்துக்கு உள்ளாகி நிறுவனம் மன்னிப்புக் கேட்டது என்றாலும், அந்த நூல்கள் யாருடைய அலமாரியில் இருந்தன என்பது அன்று தெளிவாகிவிட்டது. தனியொருவரின் கணக்கில் நூல் வாங்கி, கருவியை ஊர் முழுக்கச் சுற்றவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இதற்கு ஒரு மாற்று உண்டு. இந்தியாவில் ஓர் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்தால் அவர் நூல்கள் பொதுவுடைமை ஆகிவிடும், அதாவது யாரும் அனுமதி கேளாமல் படியெடுக்கலாம், பகிரலாம். யாவரும் பயன்படுத்தும்படி தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் பட்டியலும் நீளமானது. சங்க இலக்கியத்தின் மூலங்கள், பாரதியார், புதுமைப்பித்தன், கல்கி ஆகியோரின் ஆக்கங்கள் என்று இவற்றையே ஒரு கருவியில் நிரப்பினால் உரிமைச் சிக்கலும் இல்லை, செலவும் இல்லை. காசு கொடுத்துத்தான் ஆக வேண்டிய புதிய நூல்களை அச்சில் வாங்குங்கள். அலமாரியில் கல்கிக்கு இடம் ஒதுக்கத் தேவையில்லை என்று நான் சொல்வதாக மூத்தவர்கள் கோபிக்கக் கூடும். இடமும் பணமும் குறைவாக இருக்கும்போது இந்தக் கணக்கைப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

நீங்கள் சொன்ன மறதி முதுமையின் கோளாறு அன்று, ஐயா. 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆனே மாங்கன் முதலானோர் 50 பேருக்கு 28 பக்கக் கதை ஒன்றைக் கொடுத்து, பாதிப் பேரை அச்சிலும் மீதிப் பேரைக் கிண்டிலிலும் படிக்க வைத்தார்கள். பெரும்பாலான கேள்விகளில் இரு தரப்பும் சமமாகவே விடை சொன்னார்கள். ஆனால் எந்த நிகழ்ச்சிக்குப் பின் எது நடந்தது என்று வரிசைப்படுத்தச் சொன்னபோது அச்சில் படித்தவர்களே முந்தினார்கள். இடக்கையில் பக்கங்கள் கூடி வலக்கையில் குறைவதை விரல்கள் உணர்கின்றன அல்லவா, அந்த உணர்வு நினைவுக்குத் துணை செய்கிறது என்பது ஆய்வாளர்கள் கூறும் விளக்கங்களுள் ஒன்று. 54 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளிவந்த மற்றொரு கட்டுரை, தகவல் நூல்களைப் படிப்பதிலும் நேரக் கெடுவோடு படிப்பதிலும் தாளுக்கு மேன்மை உண்டு என்றும், கதையை மட்டும் படிக்கையில் வேறுபாடு தென்படவில்லை என்றும் கண்டது. எனவே தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் உங்கள் வாயனசாலைக்கு வருவார்களானால் அவர்களுக்கான நூல்களையும் அச்சிலேயே வாங்குங்கள்.

கேள்வி கேட்டவரின் பதில்

மூவருக்கும் நன்றி. நேற்று மாலை இவற்றைக் குழுவில் படித்துக் காட்டினேன். ஒரே ஒரு கருவி, அதுவும் வாயனசாலைக்குள்ளேயே வைத்துப் படிப்பதற்கு, பொதுவுடைமை நூல்களும் நாட்டுடைமை நூல்களும் மட்டும் ஏற்றியது என்று முடிவாயிற்று. கண் மங்கிய நான்கைந்து பேர் ஊரில் இருக்கிறோம். பெரிய எழுத்துக்காக அது எங்களுக்கே பெரிதும் பயன்படும் என்று இளைஞர்கள் சிரித்தார்கள். மீதிப் பணம் புதிய நூல்களுக்கும், வண்ணப் படம் போட்ட சிறுவர் நூல்களுக்கும், கறையான் ஏறாதபடி அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்தி உயரமான கால்களில் நிறுத்துவதற்கும் போகிறது.

ஒரு சிறு தகராறு மட்டும் பாக்கி. கோவை கொடிசியா புத்தகக் கண்காட்சி வழக்கமாக ஜூலையில்தான் தொடங்கும். அங்கே வாங்கினால் பத்து விழுக்காடு கழிவு கிடைக்கும், நூல்களைப் புரட்டிப் பார்த்தும் எடுக்கலாம். வாசிப்பு நாளோ ஜூன் 19. கண்காட்சிக்குக் காத்திருக்கலாம் என்கிறேன் நான். அன்றைக்குக் காலி அலமாரியையா திறந்து வைப்பது என்று செயலாளர் கேட்கிறார்.