ஜப்பானிய மொழியில் 'வா', 'கா' வேறுபாடு: விளக்கம் தேவை

அனைவருக்கும் வணக்கம். வரும் டிசம்பரில் ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜே.எல்.பி.டி.யின் தொடக்க நிலையான என்5 எழுதுவதற்காக ஜப்பானிய மொழியைத் தொடக்கத்திலிருந்து கற்று வருகிறேன். தமிழைப் போலவே வினை இறுதியில் வருவதாலும், நம் வேற்றுமை உருபுகளைப் போன்ற இடைச்சொற்கள் பெயருக்குப் பின்னால் சேர்வதாலும், 'வதாஷி வா மிஸு ஓ நோமிமாஸ்' (நான் தண்ணீரைக் குடிக்கிறேன்) போன்ற வாக்கியங்கள் எளிதாகவே அமைந்துவிடுகின்றன.

என் தடுமாற்றமெல்லாம் பேசுபொருளைக் குறிக்கும் 'வா', எழுவாயைக் குறிக்கும் 'கா' ஆகிய இரண்டு இடைச்சொற்களில்தான். 'வதாஷி வா நிஹோங்கோ கா வகாரிமாஸ்' என்பதை 'எனக்கு ஜப்பானிய மொழி புரியும்' என்று தமிழாக்கும்போது, நம் நான்காம் வேற்றுமை நிற்கும் இடத்தில் 'வா' வருவது ஓரளவு விளங்குகிறது. 'யானைக்குத் தும்பிக்கை நீளம்' எனப் பொருள்படும் 'ஸோ வா ஹனா கா நகாய்' என்பதும் அவ்வாறே. இந்த ஒற்றுமையைக் கண்டபோது உண்மையிலேயே மகிழ்ந்தேன்.

ஆனால், 'தாரே கா கிமாஷிதா கா' (யார் வந்தார்? இறுதியிலுள்ள 'கா' வேறொரு வினா இடைச்சொல்) என்ற கேள்விக்கு 'தனாகா சான் கா கிமாஷிதா' என்றே விடையளிக்க வேண்டும், அங்கே 'வா' பொருந்தாது என்கிறார்கள். அப்படியானால் இந்தக் 'கா'வை 'தனாகாதான் வந்தார்' என்பதிலுள்ள 'தான்' போலக் கொள்ளலாமா? அந்த ஒப்பீடு எந்த வாக்கியங்களில் தவறிவிடும்? அனுபவமுள்ளவர்கள் இரண்டு மூன்று எடுத்துக்காட்டுகளுடன் விளக்கினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.