9 மணி நேரம் தூங்கியும் தூங்காத மாதிரியே இருக்கிறது. வேறு யாருக்காவது இப்படி?

நிலாமுகில் (அதிகாலை 3:50)

மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கொரோனா ஊரடங்கு அறிவித்து விடுதியைக் காலி செய்யச் சொன்ன நாளிலிருந்து வீட்டில்தான். 10 வாரம் ஆகிவிட்டது. வார்டு போஸ்டிங் (நோயாளிகளை நேரில் பார்த்துக் கற்கும் பயிற்சி) நின்றுபோய் எல்லாமே மடிக்கணினிக்குள் நடக்கிறது.

என் பிரச்சினை தூக்கம். தூங்குவதே இல்லை என்று சொல்ல மாட்டேன். விடுதியில் 6 மணி நேரம் கிடைத்தாலே பெரிய விஷயம், இங்கே அதைவிட அதிகமாகத்தான் தூங்குகிறேன். இரவு 11 மணிக்குப் படுக்கிறேன். கண் அசரும்போது 4 மணி. எழும்போது மதியம் 1 மணி. ஆனால் எழுந்தால் அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. நடுவில் 8 மணி வகுப்புக்கு அலாரம் அடிக்கும். வருகைப் பதிவுக்காக உள்ளே போய், கேமராவை அணைத்து, போனைத் தலையணை ஓரம் வைத்துவிட்டு மறுபடி படுத்துவிடுவேன்.

சமூக மருத்துவ வகுப்பில் பிட்ஸ்பர்க் தூக்கத் தர அளவுகோலைப் பற்றிச் சொன்னார்கள். 1989-இல் வந்த வினாத்தாள். கடந்த ஒரு மாதத் தூக்கம் பற்றி 19 கேள்விகள், 21-க்கு மதிப்பெண், 5-ஐத் தாண்டினால் தூக்கம் சரியில்லை என்று பொருள். எனக்கு 12 வந்தது. தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று மறுபடி கூட்டினேன். 12தான். தூங்கும் நேரத்தின் அளவுக்கு 0, அதாவது குறையே இல்லை. தூக்கம் பிடிக்க ஆகும் நேரத்துக்கு 3, அதுதான் ஒரு பகுதிக்கு மிக மோசமான மதிப்பெண். படுக்கையில் கிடக்கும் நேரத்தில் எவ்வளவு உண்மையில் தூங்குகிறேன் என்பதற்கு 3. பகல் சோர்வுக்கு 3. மிச்சம் சின்னச் சின்னது.

11-லிருந்து 4 வரை என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சீனியர்கள் கவச உடையில் எடுத்த படங்கள் வாட்ஸ்அப்பில் வருகின்றன. முகக்கவசம் அழுத்தி மூக்கின் மேல் தோல் சிவந்திருக்கிறது. அவர்கள் அங்கே நிற்கும்போது நான் மெத்தையில் படுத்துக்கொண்டு தூக்கம் வரவில்லை என்று புரள்கிறேன். வெட்கமாக இருக்கிறது. மண்ணீரலைத் தொட்டு உணரக் கற்றுக்கொடுத்த வாரத்தில்தான் வார்டை மூடினார்கள். இரண்டே நோயாளிகளிடம் தொட்டுப் பார்த்தேன். விரல் அதை மறந்துவிடும், நான் பாதி டாக்டராகத்தான் வெளியே வருவேன் என்ற நினைப்பு வந்துவிட்டால் அன்றைய இரவு போச்சு. அம்மா தண்ணீர் குடிக்க எழுந்து வந்து "என்னடி, இன்னும் தூங்கலையா" என்று கேட்டால்கூட அழுகை வருகிறது.

இது வெறும் தூக்கப் பிரச்சினையா, மனசுப் பிரச்சினையா? எதை முதலில் சரிசெய்வது? கல்லூரியில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எங்காவது பதிவாகி, பின்னால் எனக்கே எதிராக வருமோ என்று பயமாக இருக்கிறது.

கல்தச்சன் (காலை 9:15)

இறுதி ஆண்டு. ஏப்ரல் மாதம் முழுக்க எனக்கும் இதே கதை. வகுப்பு, சாப்பாடு, படிப்பு, படம் எல்லாம் கட்டிலின் மேலேயே. ஒரு கட்டத்தில் கட்டிலைப் பார்த்தாலே தேர்வு ஞாபகம் வந்தது. மடிக்கணினியை இன்னொரு அறைக்குக் கொண்டுபோய், வகுப்புக்கு முன்னால் சட்டை மாற்றி நாற்காலியில் உட்கார ஆரம்பித்தேன். பாதிதான் சரியானது, ஆனால் அந்தப் பாதியே பெரிதாக இருந்தது. தனியாக இல்லை நீங்கள். என் வகுப்பில் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் 3 மணிக்கு ஆன்லைனில் இருப்பார்கள்.

ஆறாம்வார்டு (பகல் 2:40)

தங்கச்சி, அந்த மாதிரிப் படங்களில் இருக்கும் ஆட்களில் நானும் ஒருத்தன். பயிற்சி மருத்துவன். ஒன்று மட்டும் சொல்கிறேன். நீ வீட்டில் இருப்பதை நினைத்து எங்களில் ஒருவருக்கும் கோபம் இல்லை. கவச உடை எண்ணி எண்ணித் தருகிறார்கள், கற்றுக்கொள்ள வரும் மாணவருக்கு ஒன்று கொடுத்தால் இங்கே ஒருவருக்குக் குறையும். உன்னை வெளியே நிறுத்தியது அதனால்தான், நீ லாயக்கில்லை என்பதால் இல்லை.

மண்ணீரல் எனக்கு நாலாம் வருடம் வரை தட்டுப்படவே இல்லை. விரலை அழுத்தினால் கிடைக்காது. விரலை வைத்துவிட்டு நோயாளி மூச்சை இழுக்கும்வரை காத்திருக்க வேண்டும், அது தானாக வந்து தொடும். கற்றுக்கொள்ள உனக்கு நாள் இருக்கிறது. டியூட்டிக்குப் போகிறேன். அந்த வாட்ஸ்அப் குழுவை இரவில் மியூட் செய்.

ஞாழல் (மாலை 6:05)

மனநல மருத்துவத்தில் முதுநிலைப் பயிற்சியில் இருக்கிறேன். முதலில் ஒரு கேள்வி, மற்றதெல்லாம் அப்புறம். மனச்சோர்வுக்கான பி.ஹெச்.கியூ-9 வினாத்தாளில் ஒன்பதாவதாக வரும் கேள்வி. செத்துப்போனால் நல்லது என்றோ, உங்களை நீங்களே ஏதாவது செய்துகொள்ளலாம் என்றோ கடந்த 2 வாரத்தில் தோன்றியதா? தயங்காமல் சொல்லுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் யாருக்கும் புதிதாக வந்துவிடாது.

தூக்கமா மனசா என்றால், இரண்டுமே ஒன்றை ஒன்று இழுக்கும். தூக்கமின்மையை மனச்சோர்வின் அறிகுறியாக மட்டும் பார்த்த காலம் ஒன்று இருந்தது. இப்போது அதைத் தனியாகவும் மருத்துவம் செய்ய வேண்டும் என்கிறோம், ஏனென்றால் தூக்கம் கெட்டவருக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பும் கூடுகிறது. இரண்டையும் சேர்த்தே பிடிக்கலாம்.

உங்கள் 0-வும் இரண்டு 3-களும் நிறையச் சொல்கின்றன. தூங்கும் திறன் உங்களிடம் அப்படியே இருக்கிறது, நேரம்தான் நகர்ந்துவிட்டது. நம் உள்கடிகாரம் சராசரியாக 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் அதிகம், ஏறக்குறைய 24.2 மணி. காலை வெளிச்சம் தினமும் அந்தப் பாக்கியைக் கழித்துத் தருகிறது. 1962-இல் மிஷேல் சிஃப்ர் என்ற பிரெஞ்சு நிலவியலாளர் கடிகாரம் இல்லாமல் ஆல்ப்ஸ் மலைக் குகை ஒன்றில் 2 மாதம் தங்கினார். செப்டம்பர் 14 அன்று வெளியே வந்தபோது அவர் கணக்கில் அன்று ஆகஸ்ட் 20. அடைத்த அறை குகை அளவுக்கு மோசமில்லை, ஆனால் விளக்கு போட்ட அறையில் 100 முதல் 300 லக்ஸ்தான் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்கும். மேகமூட்டமான காலையில்கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ். போதாக்குறைக்கு நடு இரவில் திரை வெளிச்சம், அது கடிகாரத்தை இன்னும் தள்ளிப்போடும்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். நாளைக்கே 6 மணிக்கு அலாரம் வைத்து வெயிலில் போய் நிற்காதீர்கள். உடல் வெப்பம் மிகவும் குறையும் நேரம் ஒன்று உண்டு, வழக்கமாக எழுவதற்கு 2, 3 மணி நேரம் முன்னால். அதற்கு முன்பு கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும். அதற்குப் பின்பு படுவதுதான் முன்னுக்கு இழுக்கும். மதியம் 1 மணிக்கு எழும் உங்களுக்கு அந்த நேரம் 10, 11 மணிவாக்கில் இருக்கும். எனவே முதலில் 12 மணிக்கு எழுந்து உடனே வெளிச்சத்துக்குப் போங்கள். 2 நாளுக்கு ஒருமுறை அரை மணி முன்னால் நகர்த்துங்கள். அதுவரை 8 மணி வகுப்பைப் பதிவில் பார்க்க ஆசிரியரிடம் அனுமதி கேளுங்கள். பாதித் தூக்கத்தில் அதைக் கேட்டுப் பயனில்லை.

படுக்கும் நேரத்தை விரட்டாதீர்கள். 11 மணிக்குப் படுத்து 5 மணி நேரம் புரள்வதுதான் கட்டிலையும் கவலையையும் சேர்த்துக் கட்டிவிடுகிறது. கண் சொக்கினால் மட்டும் படுங்கள், கொஞ்ச நேரத்தில் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில் மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள். 1972-இல் ரிச்சர்ட் பூட்சின் என்ற அமெரிக்க உளவியலாளர் சொன்ன முறை இது, தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தை சிகிச்சையில் (நினைப்பையும் பழக்கத்தையும் மாற்றும் சிகிச்சை) இன்றும் முக்கியமான பகுதி. மாலை 6 மணிக்கு மேல் காபி வேண்டாம், அதில் பாதி 11 மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். உங்களுக்கோ குடும்பத்திலோ இருமுனைக் கோளாறு (மனநிலை மிகை உற்சாகத்துக்கும் மனச்சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய்) இருந்தால் தூக்க நேரத்தைக் குறைக்கும் முறை எதையும் நீங்களாகச் செய்யாதீர்கள், அது வெறியெழுச்சியை, அதாவது அந்த மிகை உற்சாக நிலையைத் தூண்டலாம்.

நிலாமுகில் (இரவு 8:30)

அக்கா, நேராகவே சொல்கிறேன். "காலையில் எழாமலே போனால் நல்லா இருக்கும்" என்று நாலைந்து இரவு தோன்றியது. ஏதாவது செய்துகொள்ளும் எண்ணமோ திட்டமோ இல்லை. இதை யாரிடமும் எழுதியதில்லை.

ஞாழல் (இரவு 8:41)

எழுதியதற்கு நன்றி. இது இன்றே ஒருவர் காதில் விழ வேண்டும். தண்ணீர் குடிக்க எழுந்து வரும் அம்மாவிடம் இன்றிரவு சொல்லுங்கள். நாளை ஒரு மனநல மருத்துவரிடம் பேசுங்கள், கல்லூரிக்குத் தொடர்பில்லாதவராக இருந்தாலும் சரி. நீங்கள் நோயாளி, நோயாளிக்குரிய ரகசியம் உங்களுக்கும் உண்டு. திட்டம் எதுவும் தோன்ற ஆரம்பித்தால் நாளைவரை காத்திருக்காதீர்கள், அம்மாவோடு அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

நிலாமுகில் (3 வாரம் கழித்து)

அன்றிரவே அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை, என் கட்டிலிலேயே படுத்துக்கொண்டார். மறுநாள் காணொலியில் ஒரு டாக்டரைப் பார்த்தேன், வாரம் ஒருமுறை பேசுகிறோம். மருந்து இப்போதைக்கு வேண்டாம் என்றார், 6 வாரம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமாம்.

12 மணியில் தொடங்கி இப்போது 7:30-க்கு எழுகிறேன். முதல் வாரம் கொடுமை. எட்டாம் நாள் வழுக்கி மதியம்வரை தூங்கிவிட்டேன், ஞாழல் அக்கா தனிச்செய்தியில் அடுத்த நாளே பழைய நேரத்துக்குத் திரும்பச் சொன்னார். இப்போது தூங்குவது 7 மணி நேரம்தான், ஆனால் எழும்போது கண் எரிவதில்லை. நேற்று மறுபடி வினாத்தாளைப் போட்டேன், 7. இன்னும் 5-க்கு மேலேதான். அந்த எண்ணம் இரண்டு வாரமாக வரவில்லை. அழுகை ஒருமுறை வந்தது.

காலையில் மொட்டை மாடியில் அரை மணி நேரம் நிற்கிறேன். அம்மாவும் கூட வருகிறார். நேற்று அவரைப் படுக்க வைத்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். மூச்சை இழுக்கச் சொல்லி, விரலை அழுத்தாமல் காத்திருந்தேன். மண்ணீரல் தட்டுப்படவில்லை, நல்லபடியாக இருக்கும் ஒருவருக்குத் தட்டுப்படவும் கூடாது. ஆறாம்வார்டு அண்ணா, வலது இடுப்பெலும்புப் பள்ளத்திலிருந்துதான் (அடிவயிற்றின் வலது ஓரம்) தொடங்கினேன். சரிதானே?

ஆறாம்வார்டு (அன்றே இரவு)

சரிதான். அடுத்த முறை இடது கையை விலாவுக்குப் பின்னால் கொடுத்து முன்பக்கமாகத் தூக்கிப் பிடி. அப்படியும் கிடைக்காவிட்டால் அம்மாவை வலது பக்கமாகச் சாய்ந்து படுக்கச் சொல்.