சோமனூர் சித்தப்பாவின் இடுப்புப் பிடிப்பு

சோமனூர் சித்தி: தறியில் பாவு பீம், அதுதான் நூல் சுற்றிய கனமான உருளை, ஏற்றும்போது சித்தப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நிமிரவே முடியவில்லை.

கோவை பாப்பா: கால் மரத்துப் போகிறதுங்களா சித்தி? சிறுநீர் போவதில் சிரமம் உண்டா? இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க.

சோமனூர் சித்தி: அதெல்லாம் இல்லை கண்ணு. வலிதான்.

கோவை பாப்பா: அப்படியென்றால் படுத்தே கிடக்க வேண்டாம். பொறுக்கிற அளவுக்கு மெதுவாக நடக்கட்டும்.

பெருந்துறை தம்பி: கோர் வீக்காக இருக்கும் அக்கா. சிட்-அப் எடுக்கச் சொல்லலாமா?

கோவை பாப்பா: வேண்டவே வேண்டாம் தம்பி. சிட்-அப்பில் ஒவ்வொரு தடவை எழும்போதும் முதுகெலும்பு வளைந்து, எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கிற வட்டுகளில் அழுத்தம் விழும். கோர் என்பது வயிற்றில் தெரிகிற கட்டு மட்டும் இல்லை. மேலே மூச்சுவிட உதவுகிற உதரவிதானம், கீழே சிறுநீர்ப்பையைத் தாங்குகிற இடுப்புத்தளத் தசை, பின்னால் முதுகெலும்பை ஒட்டிய சின்னச் சின்னத் தசைகள், சுற்றிலும் வேட்டி பெல்ட் மாதிரி ஓடுகிற ஆழமான வயிற்றுத் தசை. எல்லாம் சேர்ந்து இறுகினால்தான் நடு உடம்பு உறுதியாக நிற்கும்.

பொள்ளாச்சி மாமா: தோப்பில் மூட்டை தூக்குகிறவனுக்கு அது தானாகவே பலமாக இருக்காதா அம்மிணி?

கோவை பாப்பா: பலம் மட்டும் போதாதுங்க மாமா, நேரத்துக்கு இறுக வேண்டும். 1996-இல் ஹாட்ஜஸ், ரிச்சர்ட்சன் என்ற இரண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். கையை வேகமாகத் தூக்கச் சொன்னால், வலி இல்லாதவர்களுக்குக் கை அசையும் முன்பே அந்த ஆழமான தசை இறுகிவிட்டது. இடுப்பு வலிக்காரர்களுக்குத் தாமதமானது.
அதனால் மூட்டையோ பீமோ, தொடும் முன்பே வயிற்றை இறுக்குங்க. இருமும்போது வயிறு தானாக இறுகுமே, அந்த இறுக்கம். உள்ளே எக்க வேண்டாம். பாரத்தை உடம்போடு ஒட்டிப் பிடித்து, மூச்சை விட்டுக்கொண்டே தூக்குங்க.

கோபி அத்தை: எனக்கு விடிந்தும் விடியாமல் சாணி அள்ள வேண்டியிருக்கிறதே?

கோவை பாப்பா: ராத்திரி படுத்திருக்கும்போது வட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும் அத்தை. எழுந்ததும் குனிந்தால் அழுத்தம் அதிகம். மாட்டுக்குத் தீவனம் போடுவது, தண்ணீர் காட்டுவது என்று நடக்கிற வேலையை முதலில் வைத்துக்கொள்ளுங்க. அப்புறம் முட்டியை மடக்கி அள்ளுங்க.

கோபி அத்தை: இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். தும்மினால் சிறுநீர் கசிகிறது. இங்கே நிறையப் பெண்களுக்கு இருக்கிறது, யாரும் வாய் திறப்பதில்லை.

கோவை பாப்பா: கேட்டது ரொம்ப நல்லதுங்க அத்தை. பிரசவத்துக்கு அப்புறம் இடுப்புத்தளத் தசை தளர்ந்தால் இப்படி வரும். வயசானால் இப்படித்தான் என்று விட்டுவிடாதீங்க, பயிற்சியில் பலருக்குக் குறைகிறது. சிறுநீரை அடக்குவது போல இறுக்கி, சில வினாடி வைத்து, முழுசாகத் தளர்த்துங்க. தளர்த்துவதும் பயிற்சிதான். ஆனால் சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்திப் பழக வேண்டாம். பெண் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடலாம், நான் கூட வருகிறேன்.

சோமனூர் சித்தி: சித்தப்பா என்ன செய்யட்டும்?

கோவை பாப்பா: வலி தணிந்ததும், முட்டி போட்டுக் கைகளை ஊன்றி, வலது கையை முன்னாலும் இடது காலைப் பின்னாலும் நீட்ட வேண்டும். 10 வினாடிக்குள் இறக்கிவிட்டு அடுத்த பக்கம். முதுகு ஆடக் கூடாது. முதுகெலும்பை ஆராய்ந்த கனடாப் பேராசிரியர் ஸ்டூவர்ட் மெக்கில் சொல்லும் மூன்று பயிற்சிகளில் இது ஒன்று. மற்ற இரண்டையும் ஞாயிற்றுக்கிழமை நேரில் காட்டுகிறேன்.

சோமனூர் சித்தப்பா: சரி அம்மிணி. அதுவரை பீம் ஏற்ற ஆள் சொல்லிவிட்டேன்.