டைமிங் பெல்ட் மாற்றும்போது வாட்டர் பம்பையும் மாற்ற வேண்டுமா? (டஸ்டர் 1.5 டீசல்)

கொங்கு டீசல்:

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 2015 மாடல் ரெனால்ட் டஸ்டர், 85 பிஎஸ் டீசல், 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். டைமிங் பெல்ட் (பிஸ்டனும் வால்வும் மோதாமல் ஒத்து இயங்க வைக்கும் பல் பெல்ட்) மாற்றியதற்கு பில் எதுவும் இல்லை, பழைய ஓனரைக் கேட்டால் "மாத்தின ஞாபகம் இருக்கு" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வார்த்தையை நம்பி இத்தனை நாள் ஓட்டியிருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது, அதனால் இந்த மாதமே மாற்றிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

சந்தேகம், எஞ்சினைக் குளிரவைக்கும் கூலண்ட்டைச் சுற்றவைக்கும் வாட்டர் பம்பில்தான். பதினைந்து வருடமாக எங்கள் வீட்டு வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக், பெல்ட்டும், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும், வழிநடத்தும் ஐட்லர் உருளையும் போதும், பம்பில் லீக் இல்லை, சத்தம் இல்லை, நன்றாக இருப்பதில் கை வைத்தால்தான் பிரச்சினை வரும் என்கிறார். ஆபீஸில் ஒரு நண்பர், பம்பை விட்டுவிட்டு பெல்ட் மட்டும் மாற்றுவது வீண் வேலை என்கிறார். பம்பும் கூலண்ட்டும் சேர்த்தால் கூடுதலாக 4,500 ரூபாய் ஆகும். பணம் கொடுக்க முடியாது என்றில்லை, தேவையா என்று தெரிந்தால் போதும். வேலை முடிந்ததும் அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு வால்பாறை போக வேண்டும், ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு, நடுவழியில் எஞ்சின் சூடாகி நிற்பதை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

மதுரை ஸ்பேனர்:

தம்பி, மாற்றிவிடுங்கள். உங்கள் வண்டியில் இருப்பது கே9கே எஞ்சின், 1461 சிசி. இதே எஞ்சின்தான் லோகன், வெரிட்டோ, சன்னி டீசல், டெரானோ எல்லாவற்றிலும் வந்தது. இதில் வாட்டர் பம்பைச் சுற்றுவதே டைமிங் பெல்ட்தான். கிராங்க் (பிஸ்டன் சுற்றும் தண்டு), கேம் (வால்வைத் திறக்கும் தண்டு), டீசல் ஹை பிரஷர் பம்ப், வாட்டர் பம்ப், எல்லாம் ஒரே பெல்ட்டில். அதனால் பம்ப் கெட்டால் பம்போடு நிற்காது. உள்ளே பேரிங் ஜாம் ஆனால் பெல்ட்டின் பல் பிய்ந்துவிடும், அல்லது பெல்ட்டே கழன்று ஓடும், அந்த நொடியில் பிஸ்டன் மேலே வந்து திறந்திருக்கும் வால்வை அடிக்கும். அப்புறம் எஞ்சினின் மேல் பகுதியான ஹெட்டை இறக்க வேண்டியதுதான், 4,500 ரூபாய் பேச்சு அங்கே வராது.

உங்கள் மெக்கானிக் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பம்பை பெல்ட்டில் ஓட்டாத எஞ்சின்கள் நிறைய உண்டு. இன்னோவா 2.5 டீசலில் டைமிங் பெல்ட் இருக்கிறது, ஆனால் வாட்டர் பம்ப் வெளியே ஆல்டர்னேட்டர் பக்கத்து பெல்ட்டில் ஓடுகிறது. ஸ்விஃப்ட் 1.3 டீசலில் டைமிங் பெல்ட்டே கிடையாது, செயின். அந்த வண்டிகளில் பம்ப் போனால் அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம். அவற்றிலேயே கை பழகினவர்கள் இதையும் அப்படியே நினைத்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, லீக் இல்லை என்று வெளியிலிருந்து பார்த்து எப்படிச் சொல்ல முடியும்? பம்ப் டைமிங் பெல்ட்டின் கவருக்குள்ளே இருக்கிறது. சீலுக்கும் பேரிங்குக்கும் நடுவில் வீப் ஹோல் என்று ஒரு சின்ன ஓட்டை இருக்கும், சீல் தேய ஆரம்பித்தால் கூலண்ட் அது வழியாகத்தான் முதலில் கசியும். எஞ்சின் சூட்டில் அது அங்கேயே காய்ந்து உப்பு மாதிரிப் படிந்துவிடும், தரையில் ஒரு சொட்டுகூட விழாது. கவரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

நெடுஞ்சாலை நாகை:

நான் பம்பை விட்டுவிட்டு மாட்டிக்கொண்டவன், அதனால் எழுதுகிறேன். என்னுடையதும் டீசல்தான், பம்ப் டைமிங் பெல்ட்டில் ஓடும் வகை. 90,000 கிலோமீட்டரில் பெல்ட் கிட் மட்டும் போட்டேன், பம்பைத் திருகிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று விட்டுவிட்டோம். சரியாக 14,000 கிலோமீட்டர் போன பிறகு கூலண்ட் பாட்டிலில் வாரத்துக்கு ஒரு விரல் அளவு குறைய ஆரம்பித்தது. ரேடியேட்டர், ஹோஸ், மூடி எல்லாம் பார்த்தாயிற்று, எங்கேயும் ஈரம் இல்லை. நீண்ட தூரம் ஓட்டி நிறுத்தினால் மட்டும் முன் வலது சக்கரத்துப் பக்கம் ஒரு இனிப்பு வாடை வரும். ஒரு மாதம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓட்டினேன், அது பெரிய தவறு.

கடைசியில் கவரைத் திறந்தபோது பம்பிலிருந்து கசிந்த கூலண்ட், போட்டு ஒரு வருடம்கூட ஆகாத பெல்ட்டின் மேல் தெறித்து ஓரம் உப்பியிருந்தது. அந்த பெல்ட்டைத் திரும்பப் போட முடியாது. ஆக புது பெல்ட், புது பம்ப், எஞ்சின் மவுண்ட் இறக்கி ஏற்றும் அதே லேபர், இரண்டாவது முறை. முதல் தடவையே போட்டிருந்தால் பம்ப் விலை மட்டும்தான் கூடுதல். பெல்ட் அறுவதற்கு முன்னால் கண்டுபிடித்தேன் என்பதுதான் ஆறுதல்.

புது பெல்ட்டை சரியான டென்ஷனில் ஏற்றும்போது, தளர்ந்த பழைய பெல்ட்டுக்குப் பழகிப்போன பம்ப் பேரிங் மேல் இழுவை கூடுகிறது என்று பின்னால் ஒரு பெரியவர் சொன்னார். என் பம்ப் அதனால்தான் போனதா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் ஒரு லட்சம் ஓடின பேரிங்கை இன்னொரு லட்சத்துக்கு நம்ப எனக்கு இப்போது தைரியம் இல்லை.

உதிரி பாகம்:

எல்லோரும் மாற்று மாற்று என்கிறீர்கள், எந்த பம்ப் என்று யாரும் சொல்லவில்லையே? எனக்கு அதுதான் முக்கியம். கம்பெனியில் போட்டு வந்த நல்ல பம்பைக் கழற்றிவிட்டு, பெயர் தெரியாத டப்பாவில் பாதி விலைக்கு வரும் பம்பைப் போடுவதாக இருந்தால் பழையதே மேல். மலிவு பம்பில் சீலும் பேரிங்கும் ஆறு மாதம் தாங்கினால் பெரிது. கேட்ஸ், டேக்கோ, எஸ்கேஎஃப் போன்றவர்கள் பெல்ட், டென்ஷனர், ஐட்லர், பம்ப் எல்லாம் ஒரே பெட்டியில் கிட்டாகவே தருகிறார்கள், அல்லது ரெனால்ட் ஸ்பேரே வாங்குங்கள். போலி நிறையப் புழங்குகிறது, அதனால் பில் கொடுக்கும் கடையில் மட்டும் வாங்குங்கள். சென்னை ஜிபி ரோடு பக்கம் போனால் தெரிந்த டீலரிடம் போங்கள். புதுப்பேட்டையில் கழற்றின பம்ப் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் வேண்டவே வேண்டாம், இந்த ஒரு சாமானில் அந்தச் சிக்கனம் கூடாது.

பழைய பம்ப் 20,000 கிலோமீட்டருக்கு முன்னால்தான் மாற்றியது, கையில் பில் இருக்கிறது என்றால் நானே விட்டுவிடச் சொல்வேன். உங்களுக்கு பெல்ட்டுக்கே பில் இல்லை, அதனால் போட்டுவிடுங்கள்.

கொங்கு டீசல்:

மிகவும் நன்றி. மதுரை அண்ணா சொன்னதை மெக்கானிக்கிடம் சொன்னேன், கவரைத் திறந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார், நான் பம்பை இப்போதே வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன், அவரும் சரி என்றார். வேலை நடக்கும்போது பக்கத்திலேயே இருக்கப் போகிறேன். நான் எதைக் கவனிக்க வேண்டும்? கூலண்ட்டுக்கு சிறுவாணித் தண்ணீர் கலந்தால் போதும், அதைவிட நல்ல தண்ணீர் எங்கே இருக்கிறது என்கிறார், அது சரியா?

மதுரை ஸ்பேனர்:

சிறுவாணித் தண்ணீர் குடிக்க அருமையானது, எஞ்சினுக்கு வேண்டாம். டிமினரலைஸ்டு தண்ணீர் கேன் வாங்கி கூலண்ட்டோடு பாதிக்குப் பாதி கலக்கச் சொல்லுங்கள், அல்லது கலந்தே வருவதை ஊற்றுங்கள். போர் தண்ணீரில் இருக்கும் உப்பு ரேடியேட்டரில் படியும், வெறும் தண்ணீரில் துருவைத் தடுக்கும் மருந்து இல்லை. பம்பின் சீலுக்குள்ளே வழவழவென்று இரண்டு முகம் ஒன்றோடு ஒன்று உரசிச் சுற்றுகிறது, அதைக் குளிரவைத்துக் காப்பாற்றுவதே அந்த கூலண்ட்தான். மேனுவலில் போட்டிருக்கும் வகையையே வாங்குங்கள், கலரைப் பார்த்து வாங்காதீர்கள், பழையதோடு கலக்கவும் வேண்டாம்.

பம்ப் கழற்றியதும் பிளாக்கில் பழைய கேஸ்கெட்டும் பேஸ்ட்டும் ஒட்டியிருக்கும், அதைக் கீறல் விழாமல் சுத்தமாக எடுக்க வேண்டும், பாதி லீக் இங்கேதான் பிறக்கிறது. புது பம்போடு கேஸ்கெட் வந்தால் அது மட்டும் போதும், அதன் மேல் பேஸ்ட்டை அள்ளிப் பூசினால் மிச்சம் பிதுங்கி உள்ளே போய் தெர்மோஸ்டாட்டிலும் ரேடியேட்டரிலும் அடைக்கும். போல்ட் எல்லாம் சின்னது, டார்க் ரெஞ்ச் வைத்து குறுக்கும் நெடுக்குமாக இறுக்கட்டும், கை பலத்தில் இறுக்கினால் மரை போய்விடும்.

பெல்ட் ஏற்றும்போது சரியான நிலையில் அசையாமல் பிடித்து வைக்க கிராங்குக்கு ஒரு பின், கேமுக்கு ஒரு பின் உண்டு. பெயிண்ட் மார்க் வைத்து அடித்துவிடலாம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், ஹை பிரஷர் பம்பின் குறியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எல்லாம் ஏறின பிறகு பின்னைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, திரும்ப பின் சரியாக உட்காருகிறதா என்று பார்க்கணும். இதற்கு அவசரப்படாமல் இருப்பதுதான் உங்கள் வேலை. கிராங்க் புல்லி போல்ட் புதிதாகப் போடச் சொல்லுங்கள், பழையதைத் திரும்ப இறுக்கக் கூடாது. முன் பக்க கிராங்க் சீலிலும் கேம் சீலிலும் ஆயில் ஈரம் இருந்தால் அதையும் அப்போதே மாற்றிவிடுங்கள், ஆயில் பட்டாலும் பெல்ட் கெடும்.

கடைசியாக ஏர் எடுப்பது. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து கூலண்ட்டை மெதுவாக ஊற்றி, ஏர் ஸ்குரூவைத் திறந்து குமிழி நிற்கும் வரை விட வேண்டும். உள்ளே காற்று தங்கினால் சென்சார் காற்றில் நின்று மீட்டர் பொய் சொல்லும், மலை ஏறும்போது அது ஆபத்து.

கொங்கு டீசல்:

நேற்று வேலை முடிந்தது. கவரைத் திறந்ததும் மெக்கானிக்கே என்னைக் கூப்பிட்டுக் காட்டினார், வீப் ஹோலுக்குக் கீழே ஒரு கோடு மாதிரி வெளுத்த படிவு. பம்பைக் கழற்றி கையில் வைத்துச் சுற்றினால் மணல் அரைப்பது போல உள்ளே தட்டுப்படுகிறது. பெல்ட்டின் முதுகில் சின்னச் சின்ன வெடிப்புகள், அதை முன்னாலேயே யாராவது மாற்றியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டு சுற்று சுற்றி பின் உட்கார்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். இனி இந்த எஞ்சின் வந்தால் பம்பையும் சேர்த்தே எழுதித் தருவேன் என்று அவரே சொன்னார், மனதுக்கு நிறைவாக இருந்தது.

ஒன்று மட்டும் கேட்கணும். இன்று காலை எஞ்சின் ஆறிய பிறகு பாட்டிலில் ஒரு அரை விரல் குறைந்திருக்கிறது, பயப்படணுமா?

மதுரை ஸ்பேனர்:

உள்ளே ஒளிந்திருந்த காற்று வெளியே வந்த இடத்துக்கு கூலண்ட் போயிருக்கும், அது சகஜம். எஞ்சின் நன்றாக ஆறின பிறகு மட்டும் மூடியைத் திறந்து மேக்ஸ் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வரை ஊற்றுங்கள். நாலு நாள் டவுனுக்குள்ளே ஓட்டிவிட்டு தினமும் காலையில் பாருங்கள். அளவு அப்படியே நின்றால் வால்பாறை கிளம்பலாம், திரும்பக் குறைந்தால் கிளம்பாமல் வண்டியை அவரிடம் விடுங்கள்.